மாமா கழற்றி மாட்டிய கோட்டை

அந்தக் கோட்டையில் மொத்தம் முந்நூற்றுப் பதினாறு துண்டுகள். ஒருநாள் எண்ணியபோது முந்நூற்றுப் பதினைந்துதான் வந்தது. பதறிப்போய் மறுபடி எண்ணினேன், சரியாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவையும் எண்ணினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. வைத்த பொருள் வைத்தபடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற புத்தி அந்த வயதிலேயே வந்துவிட்டது. இன்றைக்கும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை நடந்து, திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிற ஆள்தான் நான்.

கோட்டை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான். ஒவ்வொரு துண்டின் தலையிலும் குமிழ் குமிழாக இருக்கும், அடியில் அதற்குத் தக்க குழி இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அமுக்கினால் டக்கென்று உட்கார்ந்துகொள்ளும். வெள்ளைக்காரர்கள் நாட்டில் பழைய காலத்து ராஜாக்கள் கட்டிக்கொண்ட கோட்டையாம் அது. சாம்பல் நிறச் சுவர், நாலு மூலைக்கும் நாலு கோபுரம், முன்வாசலில் சங்கிலியால் இழுத்துத் தூக்குகிற பாலம். உள்ளே இரும்புச் சட்டை போட்ட வீரர்கள் ஐந்து பேரும் ஒரு கறுப்புக் குதிரையும். வீரர்களின் தலைக்கவசத்தைக் கழற்றலாம், கையில் இருக்கிற ஈட்டியை உருவலாம். பள்ளிக்கூடத்திலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்குக் கூட்டிப்போனபோது அங்கே இப்படித் தூக்குகிற பாலம் எதையும் நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக் கோட்டைதான் அதைவிடப் பெரிசு என்று வகுப்பில் சொல்லி டீச்சரிடம் குட்டு வாங்கினேன்.

கொண்டுவந்தவர் மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. அவருக்கு விவரம் தெரியும் முன்பே பெற்றவர்கள் இருவரும் போய்விட்டதால் அம்மாதான் வளர்த்தாள். சீர்வரிசைப் பாத்திரங்களோடு இவரையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்று அப்பா கேலி செய்வார். மாமா மஸ்கட்டுக்குக் கம்பி கட்டும் வேலைக்குப் போனார். கான்கிரீட் போடும் முன் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அவை சேருகிற இடத்திலெல்லாம் மெல்லிய கம்பியால் முடிச்சுப் போட்டு முறுக்குகிற வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் முடிச்சாவது போடுகிறேன் என்று கடிதத்தில் எழுதுவார். இரண்டு வருஷம் கழித்து ஆவணி மாதத்தில் திரும்பி வந்தபோது அவருடைய வலது கை துணிக்கட்டுக்குள் இருந்தது. மேலேயிருந்து ஓர் இரும்புப் பலகை சரிந்து அந்தக் கையின் மேல் விழுந்துவிட்டதாம். எலும்பு கூடிவிட்டது. விரல்கள்தாம் சொன்னபடி கேட்கவில்லை.

எங்கள் வளவில் மொத்தம் ஏழு வீடு. எல்லா வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே குழாய். வெளிநாட்டுக்குப் போனவர் வந்தால் பெட்டி திறக்கும்போது ஏழு வீடும் வந்து நிற்கும். மாமாவின் பெட்டியிலிருந்து நாலு சட்டை, அம்மாவுக்கு ஒரு சேலை, அப்பாவுக்கு ஒரு டார்ச் லைட், பிறகு ஓரம் கிழிந்த அட்டைப் பெட்டிக்குள் இந்தக் கோட்டை, அவ்வளவும் வெளியே வந்தன. எதிர்வீட்டு அத்தைக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"எல்லாரும் அங்கன போயிச் சம்பாதிச்சு வந்து இங்கன வீடு கட்டுவாவ. ஓந்தம்பி வீட்டையே பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டாந்துட்டானே" என்றாள்.

மாமா சிரித்தார். "குடி வாறீயளா அத்தை? வாடகை கெடையாது. குதிரைக்கு மட்டும் புல்லுப் போடணும்."

கோட்டை எனக்காகத்தான் வந்தது என்று நான் நம்பினேன். நம்புவதற்கு நியாயம் இருந்தது, வீட்டில் வேறு பிள்ளை கிடையாது. ஆனால் நம்பிக்கைக்கு ஒத்துவராத காரியம் ஒன்று தினமும் காலையில் நடந்தது. மாமா குளித்துவிட்டு வந்து வாசலுக்கு நேரே பாயைப் போட்டு உட்கார்வார். கோட்டையை முன்னால் வைத்துக்கொள்வார். இடது கையால் அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது கையின் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கோபுரத்தின் உச்சித் துண்டைப் பிடித்து இழுப்பார். நெற்றியில் வியர்வை பூக்கும். முதல் மாதத்தில் ஒன்றுகூட வரவில்லை. பாயிலிருந்து எழுந்து, அம்மா கொடுக்கும் காப்பியை இடது கையால் வாங்கிக் குடித்துவிட்டு வெளியே போய்விடுவார். பெரிய ஆள் ஒருத்தர் தினமும் விளையாடத் தெரியாமல் விளையாடிவிட்டு எழுந்து போகிறாரே என்று எனக்குப் பாவமாக இருக்கும். நான் கழற்றித் தரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"வேண்டாம் மருமவளே. நீ கழட்டுனா கோட்டை கழண்டிரும். எனக்கு அதுவாக் கழலணும்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால், நான் எட்டாவதோடு படிப்பை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போன காலத்தில்தான் அம்மா சொல்லித் தெரிந்தது. மஸ்கட் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் கிடந்த சாமான் அது. மலையாள நர்ஸ் ஒருவர் மாமாவின் கட்டிலில் கொண்டுவந்து வைத்து, தினமும் இதைக் கழற்றி மாட்டு, உன் விரலுக்கு இதைவிட மருந்து இல்லை என்றாராம். ஊருக்குக் கிளம்பும்போது அதையே கையில் கொடுத்தும் விட்டார். இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னாராம். இடது கை பிடிக்க மட்டும்தான், இழுப்பதெல்லாம் வலது கைதான். இன்னொன்று, ஆறு மாதத்துக்குள் விரல் தெளிந்தால் தெளிந்தது. தெளிந்து வருகிற விரல் திரும்பவும் இறுகிப்போனால் அதற்குப் பிறகு பாடுபட்டுப் பிரயோசனம் இல்லை.

அந்த ஆறு மாதத்துக்குள் இன்னொரு காரியமும் இருந்தது. கடம்பூரில் போளிக் கடை வைத்திருந்த ஒருவரின் மகளை, மாமா வெளிநாடு போகும் முன்பே அவருக்குப் பேசி வைத்திருந்தார்கள். தை பிறந்ததும் பரிசம் போடுவதாக இருந்தது. கையில் அடிபட்டது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மாமாதான் சொன்னார்.

"தாலி முடிச்சு நான் போடணும்லா அக்கா. ஊரு பாக்க மேடையில ஒக்காந்து, கயித்தை நழுவவிட்டுட்டு முழிக்கச் சொல்லுதியா? வெரலு வரட்டும். வந்தா நானே சொல்லுதேன், தேதி குறிங்க."

ஆயிரம் முடிச்சுப் போட்ட கை ஒரே ஒரு முடிச்சுப் போடத் தேறி வருமா என்பதுதான் அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. யாரும் அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. அதனால் எனக்கும் அது தெரியாமல் போயிற்று.

ஐப்பசியில் உச்சித் துண்டு ஒன்று கழன்று வந்தது. மாமா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுச் சாமி பிரசாதத்தை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினாள். அம்மாவுக்கு எதற்கு அந்தத் துண்டு என்று எனக்கு எரிச்சல். வாங்கி, எண்ணிக்கையில் சேர்த்தேன். கார்த்திகையில் ஒரு கோபுரம் முழுவதும் கழன்றது. மார்கழி பிறந்தபோது இரண்டு கோபுரத்தைக் கழற்றி, இரண்டையும் திரும்ப மாட்டினார். மாட்டுவது கழற்றுவதைவிடச் சிரமம். குமிழும் குழியும் சேராமல் துண்டு எகிறிப் போய் எங்காவது விழும். நான் பாய்ந்து போய் எடுப்பேன்.

என்னுடைய கவலை முழுக்க அங்கேதான் இருந்தது. எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு. அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து மரச்சீவலும் தாளும் வாங்கிவந்து வீட்டிலேயே பெட்டி ஒட்டிக் கொடுப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் ஒட்டுவேன். வீட்டுக்குள் எங்கே பார்த்தாலும் சீவல் குப்பைதான். அதைப் பெருக்கி அள்ளித்தான் பசை காய்ச்சுகிற அடுப்பை எரிப்போம். கார்த்திகையில் ஒருநாள் வீரனின் தலைக்கவசம் ஒன்று காணாமல் போய், மறுநாள் அடுப்புச் சாம்பலில் கரிய மிளகு மாதிரி உருகிக் கிடைத்தது. நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முந்நூற்றுப் பதினைந்து. இனி எத்தனை தடவை எண்ணினாலும் அவ்வளவுதான். மாமா அந்த வீரனின் மொட்டைத் தலையைத் தடவி, "திருச்செந்தூருக்கு மொட்டை போட்டுட்டு வந்துருக்கான், விடு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்கழிக் கடைசியில் மாமா தூத்துக்குடிக்குக் கிளம்பினார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவரைப் பார்த்துவிட்டு, கையை ஒரு டாக்டரிடமும் காட்டிவிட்டு, மூன்று நாளில் வருவதாகத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை கடம்பூர்க்காரர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கிளம்புகிறபோது மாமா செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம காலைல பாரு மருமவளே. நாலு கோபுரம், சுவரு, வாசலு, ஒண்ணு பாக்கியில்லாமப் பூராத்தையும் கழட்டிக் குமிச்சிருதேன். அப்புறம் வரட்டும் கடம்பூரு அண்ணாச்சி."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கோ துண்டுகளைப் பற்றிய கவலை. இரண்டு கோபுரத்தைக் கழற்றினாலே துண்டுகள் பாயைத் தாண்டி ஓடுகின்றன. முழுக்கோட்டையும் குவிந்து கிடந்தால் எத்தனை சீவலோடு போகும், எத்தனை அடுப்பில் வேகும். அன்று பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லும்போதுகூட அதே நினைப்பு. கழன்றால்தானே தொலையும் என்று பன்னிரண்டாம் வாய்ப்பாட்டின் நடுவில் எனக்குத் தோன்றியது.

ஒட்டுவது எனக்குத் தெரிந்த வேலை. முதலில் அம்மாவின் மைதாப் பசையைத்தான் தடவிப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் அது நிற்கவில்லை. காய்ந்ததும் பொருக்காக உதிர்ந்துவிட்டது. அப்பா தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை பார்த்தார். மருந்து குச்சியில் பிடிப்பதற்கு அதில் வச்சிரம் சேர்ப்பார்கள். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை, உடைந்த தட்டின் சில்லுபோலக் கெட்டியாக இருக்கும். முக்காலிக் காலை ஒட்டுவதற்காக அப்பா கொஞ்சம் கொண்டுவந்து டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கிற வெந்நீருக்குள் டப்பாவோடு இறக்கி உருக்க வேண்டும் என்று பார்த்துத் தெரிந்து வைத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் அம்மா ஒட்டிய பெட்டிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். அவள் வரிசையில் நின்று கொடுத்துவிட்டுத் திரும்ப மூன்று மணி நேரமாவது ஆகும்.

வரிசையாகத்தான் செய்தேன். ஒரு சுவரைத் துண்டு துண்டாகக் கழற்றுவது, ஒவ்வொரு குழிக்குள்ளும் ஈர்க்குச்சியால் வச்சிரத்தைத் தடவுவது, அது இருந்த இடத்திலேயே அமுக்குவது, அடுத்த சுவர். அடுத்தடுத்து நாலு கோபுரங்கள். பசை ஓரத்தில் பிதுங்கினால் ஈரத் துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். பெட்டி ஒட்டுவதிலும் அதே சட்டம்தான். பசை வெளியே தெரிந்தால் கணக்கப்பிள்ளை பெட்டியைக் கழித்துத் தள்ளிவிடுவார். என் பெட்டியை அவர் கழித்ததே இல்லை. இந்த வயதில் இப்படி ஒரு கைச்சுத்தமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். கோட்டையிலும் ஒரு சொட்டுப் பசை வெளியே தெரியவில்லை. வாசம்கூட யாருக்கும் சந்தேகம் தரவில்லை. எங்கள் வீட்டில் பசை நாற்றம் இல்லாத நாள்தான் சந்தேகத்துக்குரிய நாள். வீரர்களுக்கும் குதிரைக்கும் வச்சிரம் போதவில்லை. அவர்களை ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். நிம்மதியாக இருந்தது. ராத்திரி எழுந்து எண்ண வேண்டிய வேலை இனி இல்லை.

மாமா அன்று சாயங்காலமே வந்துவிட்டார். டாக்டர் கையைத் தட்டிக் கொடுத்து அனுப்பினாராம். அம்மாவிடம் அதை இரண்டு தடவை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போலப் பாயை விரித்தார். புதுப் பனியனோடு உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். இடது கை கோட்டையைப் பிடித்தது. வலது கை உச்சித் துண்டைப் பிடித்து இழுத்தது. வரவில்லை. கையை உதறிவிட்டு, விரல்களை மடக்கி விரித்துவிட்டுத் திரும்ப இழுத்தார். அடுத்த கோபுரத்துக்குப் போனார். ஐப்பசியில் முதன்முதலாகக் கழன்று வந்த அந்த மூலைத் துண்டைப் பிடித்தார். அதுவும் அசையவில்லை. கோட்டையைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு இழுத்தார். நகம் வெளுத்தது.

இடது கையால் ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். அவர் இழுக்கவில்லை. நர்ஸ் சொன்ன சொல்லை அவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றினார்.

வெகுநேரம் கழித்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏளா, போன வாரம் இதை நான் கழட்டுனேம்லா?"

"கழட்டுனீங்க மாமா."

"நாந்தானா? நீ பக்கத்துல இருந்து நெம்பி கிம்பி விட்டியா?"

"நான் தொடவே இல்ல மாமா."

போன வாரத்தைப் பொறுத்தவரை அது சத்தியமான பதில். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அப்பாவின் வச்சிரத்தைக் கேட்காமல் எடுத்தது தெரிந்தால் அடி விழும். முக்காலியின் மூன்றாவது கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்படின்னா சரிதான்" என்றார் மாமா. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து இடது கையாலேயே பொத்தான் மாட்டிக்கொண்டார்.

கடம்பூர்க்காரர் பத்து மணிக்கு வந்தார். பருத்த மனிதர், கையில் எண்ணெய் ஊறிய பொட்டலம். "பஸ்ல ஒருத்தன் சந்தைக்கு ஆட்டை ஏத்திட்டாம்மா. வார வழி பூரா என் வேட்டியத் தின்னுக்கிட்டே வருது. ஒதுங்கி நின்னா அதுவும் ஒதுங்கி வந்து திங்குது" என்று சொல்லி வேட்டி நுனியைக் காட்டினார். அம்மா சிரித்துக்கொண்டே செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் பொட்டலத்தை என் கையில் வைத்தார். "சுடச்சுட எடுத்தது. ஒங்க வருங்கால அத்தை கைவேலை. குறை இருந்தா அவகிட்டயே சொல்லு, எங்கிட்டச் சொல்லாத."

மாமா அவருக்கு எதிரில் நின்றுகொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க மவளுக்கு வேற எடம் பாருங்க."

அம்மாவின் கையில் இருந்த செம்பு அப்படியே நின்றது. வந்தவர் முதலில் சிரித்தார். "என்ன மாப்ள, ஆட்டோட சேந்து நீயும் வெளையாடுதியா?"

"கை வந்துட்டுப் போயிருச்சு அண்ணாச்சி. இனிமே வராது."

"கைதான வரல, வாய் இருக்குல்லா. வந்து கல்லாவுல ஒக்காரு. போளி போடுதத அவ பாத்துக்கிடுவா. எங்கடைக்கு வாரவனெல்லாம் ஓங்கையப் பாக்கவா வாரான்?"

"மாமனாரு கடையில ஒக்காந்து திங்குத மாப்பிள்ளைன்னு அந்தப் பிள்ளை காதுபட நாலு பேரு பேசுவாவ. வேண்டாம்."

"ஏலே, ஒரு மாசம் பொறுத்துத்தான் பாப்பமே" என்றாள் அம்மா. அவள் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

"ஒரு மாசம் பொறுத்தா அந்தப் பிள்ளைக்கு ஒரு மாசம் வயசு கூடும் அக்கா. வேற ஒண்ணும் கூடாது."

கடம்பூர்க்காரர் எழுந்து மாமாவின் தோளில் கையை வைத்தார். பிறகு வெளியே நடந்தார். நடை தாண்டியவர் திரும்பி வந்து, "போளிய ஆறவிடாம திங்கச் சொல்லும்மா" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

மாமா மறுநாளிலிருந்து பாய் விரிக்கவில்லை. பழக்காத விரல்கள் மெல்ல மெல்ல உள்ளே மடங்கின. வைகாசிக்குள் அந்தக் கை முழுவதும் மூடிக்கொண்டது. நர்ஸ் சொன்னது சரியாகிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பெண்ணை விளாத்திகுளத்தில் கொடுத்தார்கள். மாமா எட்டயபுரம் ரோட்டில் ஒரு மிளகாய் வத்தல் குடோனுக்குக் காவலாகப் போனார். தும்மிக்கொண்டே காலத்தைக் கழிக்கிறேன் என்பார்.

நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே அம்மா நர்ஸ் கதையைச் சொன்னாள். "அன்னைக்கு மட்டும் அந்தக் கோட்டை கழண்டிருந்தா" என்று தொடங்கினவள் முடிக்கவில்லை. நான் முறத்திலிருந்து விழுந்த அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த வாரத்தில் அம்மா இல்லாத ஒரு மத்தியானம் பரணில் ஏறிக் கோட்டையை இறக்கினேன். ஒரு வாளி வெந்நீரில் முக்கி வைத்தேன். அரைமணி நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகி நாற்றம் எடுத்தது. விரலால் தொட்டதும் சுவரிலிருந்து துண்டுகள் ஒவ்வொன்றாக விட்டு வந்தன. ஒரு வாளி வெந்நீர், அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

மாமா இன்றைக்கும் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்கு வந்தால் இடது கையால் டம்ளரை வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். உடனே வேறு பயம் வந்துவிடுகிறது. கை தோற்றுவிட்டது என்று நம்பி இத்தனை வருஷம் ஒரு மாதிரி சமாதானமாகிவிட்ட மனிதர். அது தோற்கவே இல்லை என்று இப்போது போய்ச் சொன்னால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பார்? சொல்லாமல் இருப்பது அவருக்காகவா எனக்காகவா என்றும் தெரியவில்லை. அவருக்குப் பத்திரிகை படிக்கிற பழக்கம் இல்லை என்கிற தைரியத்தில்தான் இதையே எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் எனக்கு ஒரு விவரமும் கலங்காமல் நினைவிருக்கிறது. விருந்தாளி போன பிறகு மாமா கோட்டையைத் தூக்கினார். முற்றத்தில் போட்டு உடைத்துவிடுவாரோ என்று பயந்து பின்னாலேயே ஓடினேன். அவர் அதை மெதுவாகப் பரணில், என் கைக்கு எட்டாத மூலையில் வைத்தார். இனிமேல் யாரும் அதைக் கழற்றப்போவதில்லை. சீவலோடு போகாது, அடுப்பில் வேகாது. அம்மா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புகைதான் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன். மாமாவிடம் போய், "நல்ல எடத்துல வச்சிட்டீங்க மாமா" என்றேன். அவர் என் தலையைத் தடவினார். நான் பொட்டலத்தைப் பிரித்தேன். ஐந்து போளி இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் வேண்டாம் என்றார்கள். எனக்கு ஏன் இன்றைக்கு இவ்வளவு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டே ஐந்தையும் நானே தின்றேன்.